நீலக்குறிஞ்சிப் பரவல் வரைபடம்: மாக்ஸென்ட் அடிவாரத்தையும் சிவப்பாகக் காட்டுகிறது, தரவைப் பகிர்வது பற்றியும் ஒரு சந்தேகம்

சோலைப்புல்
வணக்கம் நண்பர்களே. நீலக்குறிஞ்சி வளரத் தகுந்த இடங்கள் எவை என்று ஆய்வேட்டுக்காக வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் இரண்டு வகைத் தரவு இருக்கிறது. ஒன்று உயிரினப் பதிவுகளை உலகெங்கும் பகிரும் ஜிபிஃப் தளத்தில் இறக்கியது, மற்றது எங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடி மாதிரிகளின் சேகரிப்பில்) இருக்கும் பழைய தாள்களின் லேபிள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தது. இந்தியா முழுவதையும் பின்னணியாக (செடி இருக்கும் இடங்களோடு ஒப்பிடும் பகுதியாக) வைத்து, வேர்ல்டுகிளிம் என்ற காலநிலைத் தரவின் 19 மாறிகளையும் கொடுத்து, செடி வளரத் தகுந்த இடங்களைக் கணிக்கும் மாக்ஸென்ட் மென்பொருளை ஓட்டினால் ஏயூசி (கணிப்பின் தரத்தைக் காட்டும் மதிப்பு, 1 என்றால் உச்சம்) 0.97 வருகிறது. எண் பிரமாதம், ஆனால் படம் அடிவாரத்தில் இருக்கும் பழனி, ஒட்டன்சத்திரம் வரைக்கும் சிவப்பாகி, அங்கெல்லாம் குறிஞ்சி வளரும் என்கிறது! கோளாறு மென்பொருள் அமைப்பிலா, தரவிலா?

இன்னொன்று. லேபிள் தரவை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். துறையில் சிலர் தயங்குகிறார்கள்: இடம் தெரிந்தால் கூட்டம் போய் மிதித்துவிடும், நமக்கு முன்னால் வேறு யாராவது கட்டுரை போட்டுவிடுவார்கள் என்று. என்ன செய்யலாம்?

மேட்டுநிலம்
மென்பொருளை இப்போதைக்குத் தொடாதீர்கள், புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய தாள்களில் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் இருக்காது, 'புல்னி ஹில்ஸ், 7000 அடி' என்று ஒரே வரிதான் இருக்கும் (பழனி மலையை அன்று ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதினார்கள்). அந்தப் பெயரை வரைபடத் தேடலில் போட்டால் பல சமயம் பழனி ஊரைக் கொண்டுவந்து கொடுக்கும். ஊர் இருப்பது சுமார் 300 மீட்டர் உயரத்தில், செடி நின்றதோ 7000 அடியில், அதாவது 2100 மீட்டருக்கு மேல். இப்படி நாலு புள்ளி உள்ளே போனால் போதும், வெயில் காயும் அடிவாரமும் குறிஞ்சிக்கு ஒத்துவரும் என்று மாடல் கற்றுக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது சுலபம். எஸ்ஆர்டிஎம் உயர வரைபடத்தை ஆர் மென்பொருளில் ஏற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் உயரத்தை எடுங்கள், லேபிளில் எழுதியிருக்கும் உயரத்தை மீட்டராக்கிப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 200, 300 மீட்டரைத் தாண்டினால் அந்தப் புள்ளியைத் தனியாக எடுத்து வைத்து லேபிளை மறுபடி படியுங்கள். நாட்டின் அல்லது மாநிலத்தின் நடுப்புள்ளியில் உட்கார்ந்திருக்கும் பதிவுகளைப் பிடிக்க கோஆர்டினேட்கிளீனர் என்ற ஆர் தொகுப்பு உதவும், ஆனால் பழனி மலைக்கும் பழனி ஊருக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

களக்குறிப்பு
மேட்டுநிலம் சொன்னது சரி. அதோடு அந்த 0.97ஐ நம்பவே நம்பாதீர்கள். இந்தியா முழுவதையும் பின்னணியாகக் கொடுத்தால் மலை வேறு, சமவெளி வேறு என்று பிரித்தாலே ஏயூசி ஏறிவிடும், அதைச் சொல்ல மாடல் எதற்கு? பின்னணியை மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்குள் சுருக்குங்கள். அப்புறம் புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் இரண்டாகப் பிரித்துச் சோதிக்காமல் நிலப்பகுதி வாரியாகப் பிரியுங்கள். உங்கள் செடிக்கு இயற்கையே கோடு கிழித்து வைத்திருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிப் புள்ளிகளை வைத்துப் பயிற்சி கொடுத்து, பழனி மலை, ஆனைமலை, மூணாறு பக்கத்தில் சரியாகச் சொல்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். ஏயூசி இறங்கும், இறங்கட்டும், அதுதான் உண்மையான மதிப்பு.

குறிஞ்சிக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. 12 வருடத்துக்கு ஒரு முறை பூப்பதால் 2006, 2018 போன்ற பூத்த வருடங்களில்தான் பதிவுகள் குவியும், அதுவும் வண்டி போகும் சாலையோரத்திலும் இரவிகுளம் தேசியப் பூங்கா மாதிரி எல்லோரும் போகிற இடங்களிலும். பூக்காத வருடத்தில் வெறும் புதராக நிற்பதைப் பார்த்துப் பெயர் சொல்பவர்கள் குறைவு. அப்படியே விட்டால் மாடல் வரைவது செடியின் பரவலை அல்ல, மனிதர்கள் போய்வந்த தடத்தைத்தான். இதற்கு ஒரு வழி, அதே மலைகளில் எடுத்த மற்ற குறிஞ்சி இனங்களின் பதிவுகள் எல்லாவற்றையும் பின்னணிப் புள்ளிகளாகக் கொடுப்பது. சாலையோரத்திலேயே பதிவுகள் குவியும் குறை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பெருமளவு அடிபட்டுப்போகும்.

சோலைப்புல்
ரொம்ப நன்றி. உயரத்தை ஒப்பிட ஆரம்பித்துவிட்டேன். ஒரு துணைக்கேள்வி: 'நீல்கிரீஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும் தாள்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

தாள்காப்பாளர்
தூக்கிப் போடவே கூடாது. வேர்ல்டுகிளிமில் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர், செங்குத்தான மலையில் அதற்குள்ளேயே சில நூறு மீட்டர் உயரம் மாறிவிடும். எனவே 20, 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடிய புள்ளி மாடலுக்கு ஆகாது, ஆனால் பகிரும் தரவில் அது கட்டாயம் இருக்க வேண்டும். உயிரினப் பதிவுகளைப் பகிர்வதற்கான பொது வடிவமான டார்வின் கோரில் இடத்தின் துல்லியமின்மையை மீட்டரில் எழுத ஒரு பத்தி (அட்டவணையில் ஒரு நெடுவரிசை) இருக்கிறது, அதை நிரப்புங்கள். லேபிளில் இருந்த வரியையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே தனிப் பத்தியில் வையுங்கள். 'புல்னி' என்று இருந்தால் 'புல்னி'தான், நீங்கள் திருத்திய பெயர் வேறு பத்தியில். அந்த வரி இருந்தால்தான் நாளைக்கு ஒருவர் உங்கள் புள்ளியைச் சரிபார்க்க முடியும். ஜிபிஃபில் இறக்கும்போது பலரும் இந்தத் துல்லியப் பத்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, எனக்கு அதில்தான் பெரிய வருத்தம்.

பகிர்வது பற்றி: கண்டிப்பாகப் போடுங்கள். முந்திக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு, தரவுத் தொகுப்புக்கே டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், பயன்படுத்துபவர்கள் அதை மேற்கோள் காட்ட வேண்டும். உரிமமும் நீங்கள் தேர்ந்தெடுப்பதுதான், சிசி பை (பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம்) போதும் என்பது என் கருத்து. தனி ஆளாக ஜிபிஃபில் பதிய முடியாது, கல்லூரி பெயரில் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதனால் துறைத்தலைவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

மிதித்துவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது, ஆனால் எல்லாச் செடிக்கும் ஒரே பதில் கிடையாது. கொடைக்கானல் குறிஞ்சி எங்கே பூக்கிறது என்று ஊருக்கே தெரியும், நூறு வருடம் பழைய தாளை மறைத்து யாரைத் தடுக்கப் போகிறோம்? அகத்தியமலைப் பக்கத்து பாஃபியோபெடிலம் துரூரி ஆர்க்கிட் கதை வேறு, அது அருகிப்போனதற்குப் பிடுங்கி விற்றவர்கள் ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஹெர்பேரியத்தில் அந்த மாதிரித் தாள் இருந்தால் இடத்தை 0.1 பாகைக்கு மழுங்கடித்துவிட்டு, மழுங்கடித்திருக்கிறோம் என்று அதற்கான பத்தியில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் மழுங்கடித்தால் அடுத்தவர் மாடலில் இன்னொரு பழனிப் புள்ளி உருவாகும்.

மேட்டுநிலம்
ஒன்று விட்டுப்போனது. பழைய தாள்களில் புல்வெளி என்று எழுதியிருக்கும் இடங்களில் பல இன்று சீகை (வாட்டில்), தைலம் (யூகலிப்டஸ்), பைன் தோட்டங்கள். காலநிலையை மட்டும் பார்க்கும் மாடல் அங்கேயும் சிவப்பாகத்தான் காட்டும். கடைசிப் படத்தின் மேல் இன்றைய நிலப்பயன்பாட்டு அடுக்கைப் போட்டு, தோட்டமாகிவிட்ட பகுதிகளை வேறு நிறத்தில் காட்டுங்கள். வெட்டி அழித்துவிடாதீர்கள், சீகையை எடுத்துப் புல்வெளியை மீட்பவர்களுக்கு அந்த நிறம்தான் வேண்டும்.