புதுப்பிப்பு: சர்வரில் நெட்வொர்க் விட்டுவிட்டு அறுந்த சிக்கல் தீர்ந்தது

பகலில் மட்டும் எங்கள் உபுண்டு சர்வரின் இணைப்பு அடிக்கடி அறுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கேபிளையும், நெட்வொர்க் சுவிட்சில் (கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) அது செருகியிருந்த போர்ட்டையும் மாற்றினேன், பலனில்லை. அப்புறம், ஒரே ஐபி (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு உள்ள எண் முகவரி) இரண்டு கருவிகளில் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. பக்கத்துக் கணினியிலிருந்து சர்வரின் ஐபிக்கு ஏஆர்பிங் (arping, அந்த ஐபி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று கேட்கும் கட்டளை) கொடுத்தால், இரண்டு வேறு மேக் முகவரிகளிலிருந்து (கருவியின் வன்பொருள் அடையாள எண்) பதில் வந்தது!

எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் என்று காட்டும் சுவிட்சின் மேக் அட்டவணையில் அந்த அந்நிய முகவரி 14ஆம் போர்ட்டில் இருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். கணக்குப் பிரிவின் பழைய பிரிண்டரில் போய் முடிந்தது. யாரோ அதில் கையால் சர்வரின் ஐபியையே போட்டிருக்கிறார்கள்.

எதிர்பாராதது இதுதான்: மாலையில் பிரிண்டரை அணைத்துவிடுவார்கள், அதனால்தான் இரவில் தொல்லையே இல்லை. பிரிண்டரின் ஐபியை மாற்றி 9 நாள் ஆகிறது, ஒருமுறைகூட அறுபடவில்லை.