சங்கீதம் 22:3: நம்முடைய துதிதான் தேவனுக்குச் சிங்காசனமா?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஆராதனை நடத்தும் சகோதரர், பாட்டு சற்று மந்தமாகிவிட்டால் கீபோர்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "நம்முடைய துதியினால்தான் கர்த்தருக்கு இங்கே சிங்காசனம் போடுகிறோம், சிங்காசனம் ஆயத்தமானால்தான் ராஜா வந்து அமருவார்" என்று சொல்வது வழக்கம். அதற்கு ஆதாரமாக அவர் காட்டுவது வேதாகமத்தின் சங்கீதம் 22:3. நம் கையிலிருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலோ, "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்றுதான் இருக்கிறது. சிங்காசனம் என்ற சொல்லே அதில் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

இதை வெறும் சொல்லாராய்ச்சிக்காக நான் கேட்கவில்லை. என் தாயார் காலமான பின்பு மூன்று வாரம் ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேனே தவிர, பாட வாய் வரவில்லை. அந்த மூன்று வாரமும் என் பங்குக்குச் சிங்காசனம் போடாமல் இருந்துவிட்டேனோ என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

ஓலைக்கட்டு

சகோதரரே, சிங்காசனம் அந்த வசனத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மூலத்திலுள்ள எபிரெயச் சொல் 'யோஷேவ்'. உட்காருதல், குடியிருத்தல், அரசனாக வீற்றிருத்தல் ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே வினைதான். நம் தமிழ் வேதாகமமே இதை இடத்துக்கு இடம் மாற்றிப் பெயர்த்திருக்கிறது: சங்கீதம் 80:1இல் "கேருபீன்கள் மத்தியில் வாசம்பண்ணுகிறவரே" (கேருபீன்கள் என்பவை செட்டைகளுள்ள பரலோக ஜீவன்கள்) என்றிருப்பது, 99:1இல் "கேருபீன்களின் மத்தியில் வீற்றிருக்கிறார்" என்று வருகிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் பதிப்பு 22:3இல் குடியிருப்பைச் சொன்னது. 1952இல் வந்த திருத்திய பதிப்பு (RSV) அரியணையைச் சொன்னது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்போ சொற்களை வேறுவிதமாகப் பிரித்து, 'பரிசுத்த ஸ்தலத்தில் வாசமாயிருக்கிறீர், இஸ்ரவேலின் புகழ்ச்சியே' என்னும் பொருளில் வாசித்தது.

ஆகவே 'துதிகளின்மேல் வீற்றிருக்கிறவர்' என்று பெயர்த்தால் தவறில்லை. ஆனால் வீற்றிருக்கிறார் என்பது வேறு, நாம் ஏற்றி உட்கார வைக்கிறோம் என்பது வேறு. உங்கள் சபைச் சகோதரர் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடுகிறார். "உமது சிங்காசனம் பூர்வமுதல் உறுதியானது" என்கிற 93:2ஐ அவர் எங்கே வைப்பார்?

அதைவிட முக்கியமானது, இந்த வசனம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்பது. "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று தொடங்கி, பகலில் கூப்பிட்டும் பதிலில்லை, இரவில் கூப்பிட்டும் அமைதலில்லை என்று முறையிடுகிறவர், மூன்று வசனங்கள் தாண்டியதும் "நானோ ஒரு புழு" என்கிறார். கிறிஸ்து சிலுவையில் எடுத்துச் சொன்ன சங்கீதம் இதுவே. இங்கே குறிப்பிடப்படும் துதி, இதைச் சொல்கிறவர் அந்த நேரத்தில் பாடுகிற துதியன்று. அடுத்த வசனமே "எங்கள் பிதாக்கள் உம்மிடத்தில் நம்பிக்கை வைத்தார்கள்" என்று போவதால், முன்னோர் விடுவிக்கப்பட்டுப் பாடிய துதி என்றே நான் வாசிக்கிறேன். பாட முடியாத ஒருவர், பிறர் பாடிவைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

கெம்பீரசத்தம்

ஐயா, விளக்கம் நன்று. ஆயினும் ஆராதனை நடத்துகிறவர்கள் ஏதோ மந்திரம் ஓதுகிறவர்கள் என்பதுபோல் தொனிக்கிறது. 2 நாளாகமம் 5ஆம் அதிகாரத்தில் பாடகரும் எக்காளம் ஊதுகிறவர்களும் ஒருமித்துத் துதித்தபோது, ஆசாரியர்கள் நின்று ஊழியஞ்செய்யக்கூடாதபடிக்கு தேவ பிரசன்னத்தின் அடையாளமாக ஆலயத்தை மேகம் நிரப்பியது. துதிக்கும் பிரசன்னத்துக்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்வது?

ஓலைக்கட்டு

தொடர்பில்லை என்று நான் சொல்லவில்லையே! அதே அதிகாரத்தின் 7ஆம் வசனத்தைப் பாருங்கள்: கற்பனைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி கேருபீன்களுடைய செட்டைகளின்கீழே வைக்கப்பட்டாயிற்று. இஸ்ரவேலின் கண்ணுக்குச் சிங்காசனம் அதுதான். துதி அதன் பிறகே எழுகிறது. நார்வே நாட்டு அறிஞர் சிக்மண்ட் மோவிங்கல் 1922இல், 47, 93, 96 முதல் 99 வரையான சங்கீதங்களைக் கர்த்தருடைய அரியணையேற்ற விழாப் பாடல்களாகக் கண்டு, 'கர்த்தர் ராஜாவானார்' என்று அவற்றை வாசித்தார். அப்படி ஓர் ஆண்டு விழா நடந்ததாக வேதாகமத்தில் நேரான சான்று இல்லை என்பதால் பலர் அவரை மறுத்தார்கள். எனக்கும் அவர் சற்று அதிகமாகவே ஊகித்ததாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த விழாவை ஏற்றுக்கொண்டாலும், அதில் ஜனங்கள் செய்வது ஆர்ப்பரித்து அறிக்கையிடுவதுதான்; மகுடம் சூட்டுவதன்று.

மாதாகோவில் தெரு

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு சொல். எங்கள் வீடுகளின் முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரு நாட்டில் பிறந்த மத்தேயோ கிராலி என்னும் குரு 1907இல் தொடங்கிப் பல நாடுகளில் பரப்பிய பக்திமுயற்சி, குடும்பத்தின் அரசராக இயேசுவை ஏற்று, அந்தப் படத்தை வீட்டின் முதன்மையான இடத்தில் நிறுவுவது. அதற்குப் பெயரே அரியணையேற்றம்தான். ஆனாலும் படத்தை மாட்டியதால் அவர் அரசராகிவிட்டார் என்று திருச்சபை சொல்வதில்லை. 1925இல் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்திய திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், கிறிஸ்து இயல்பினாலும் மீட்பினாலும் அரசர் என்றே எழுதினார்.

கேள்வி கேட்டவருக்காக இன்னொன்று. அந்தச் சடங்கில் வீட்டார் ஒப்புக்கொடுத்தல் செபம் சொன்ன பிறகு, அங்கே இல்லாதவர்களுக்காகவும் இறந்துபோனவர்களுக்காகவும் ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த இடம் வந்ததும் பாட்டிக்குக் குரல் அடைத்துவிட்டது. செபத்தை மற்றவர்கள் சொல்லி முடித்தோம்.

தாமிரபரணிக்கரை

நன்றி. கெம்பீரசத்தம் சகோதரர் சொன்னதையும் நான் தள்ளவில்லை. இதே சங்கீதத்தின் 22ஆம் வசனத்தில் "சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்" என்று அந்த மனிதரே சொல்கிறார், ஆனால் அதற்கு முன் இருபத்தொரு வசனங்கள் ஆகின்றன. வருகிற ஞாயிறு வேதபாடம் வாசிக்கும் முறை என்னுடையது. மூன்றாம் வசனத்தில் தொடங்காமல் முதல் வசனத்திலிருந்தே வாசிக்கிறேன் என்று ஆராதனை நடத்தும் சகோதரரிடம் சொல்லியிருக்கிறேன், சரி என்றார்.