மறுமொழி: கணினி வலு வழங்கியின் வடங்களுக்கு "பின்னலுறை" என்ற சொல்

அன்புள்ள குழும உறவுகளுக்கு வணக்கம்.

கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வலு வழங்கியிலிருந்து தாய்ப்பலகைக்கும் வரைகலை அட்டைக்கும் போகும் வயர்களை ஒவ்வொன்றாகப் பின்னல் குழாய்க்குள் நுழைத்து, நிறம் சேர்த்து, சீப்பிட்டு அடுக்குகிறார்களே, அந்த வடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஏறாவூர்த் தம்பி கேட்டார். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: உறை வடம், சட்டை வடம், காவலுறை வடம், நெய்யுறை வடம். மட்டக்களப்பில் கணினி திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

காவலுறையை நான் ஏற்கமாட்டேன். மின்னைக் கடத்தாத பொருளைக் காவலி என்றுதான் நம் பாடநூல்கள் நமக்குக் கற்பித்தன. செம்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பூச்சுத்தான் இங்கே காவலி. அதன்மேல் ஏறும் பின்னலோ கண்கண்ணாகத் துளையுள்ளது. அழகுக்காகவும் உராய்வைத் தாங்குவதற்காகவும் போடப்படுவது. அதற்குக் காவலுறை என்று பெயர் வைத்தால், பூச்சு உரிந்த வயரைக்கூட இதனால் மூடிவிடலாம் என்று ஒரு மாணவன் நம்பிவிடக்கூடும். படிப்பவனை ஆபத்துக்குள் தள்ளும் சொல், எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் நமக்கு வேண்டாம்.

உறை என்று மட்டும் சொன்னால் போதாது. சாதாரண மின்வடத்தின் வெளித்தோலும் உறைதான். அங்கே பல வயர்கள் ஒரே தோலுக்குள் கிடக்கின்றன. இங்கே ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியே ஓர் உறை. சட்டை என்ற சொல்லில் எனக்குப் பெரிய குறையொன்றும் தெரியவில்லை, ஆனால் அந்த உறை எப்படி ஆனது என்பதை அது சொல்லவில்லை.

நெய்யுறையைச் சொன்னவர் மருதமுனைக் காக்கா. தறிச் சத்தத்தோடு வளர்ந்த ஊர்க்காரர் நெசவிலிருந்து சொல் எடுத்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் காக்கா, தறியில் பாவு நீளவாட்டில் இறுகி நிற்க, ஊடை குறுக்கே ஓடுகிறது. இரண்டும் நேர்கோணத்தில் சந்திப்பதால் துணி தன் அகலத்தைவிட்டு எளிதில் மாறாது. இந்தக் குழாயில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. எல்லா இழைகளும் சாய்வாகச் சுற்றி ஒன்றையொன்று மாறி மாறிக் கடக்கின்றன. அதனால்தான் இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் குழாய் விரிந்து வயருக்கு வழிவிடுகிறது. இழுத்துவிட்டால் ஒடுங்கி வயரைப் பற்றிக்கொள்கிறது. இந்தக் குணம் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. நெய்தல் வேறு, பின்னல் வேறு என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இக்குழுமத்தில் யாருமில்லை. ஆகவே பின்னலுறை என்ற சொல்லை உங்கள் முன்னால்தான் முதலில் வைக்கிறேன்.

பொருள் மாறினாலும் இந்தப் பெயர் நிற்கும். பொலியெஸ்டர் இழையில் வரும் உறை சற்று விறைப்பானது, கொடுத்த வளைவில் நிற்கும். இறுக்கி இழுக்காவிட்டால் உள்ளே இருக்கும் வயரின் நிறம் பின்னலின் துளைகளுக்கூடாகத் தெரியும். பரசூட் கயிற்றின் உள்நூலை உருவிவிட்டு எடுக்கும் நைலோன் உறை மென்மையானது, நிறத்தை நன்றாக மறைக்கும், தொங்கலாக விழும். முதல் முறை செய்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் கொடுப்பேன். எதுவானாலும் வெட்டிய முனை பிரிந்துபோகாதபடி உடனே சூடுகாட்டி உருக்கிவிட வேண்டும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர் கேட்ட கேள்வி இதைவிடப் பெரியது. கடையில் கிடைக்கும் வடத்துக்கும், ஒருவர் தன் கணினிக்கென்று செய்விக்கும் வடத்துக்கும் பெயரில் வேறுபாடு வேண்டாமா என்றார். கட்டாயம் வேண்டும். custom என்பதற்குத் "தனிப்பயன்" என்ற சொல் மென்பொருளில் பழகிவிட்டது. ஆனால் இங்கே அது விருப்பத்தை மட்டும் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. வடத்தை ஒரு குறிப்பிட்ட வலு வழங்கிக்கென்று செய்வதற்குக் காரணம் நிறமோ நீளமோ மட்டும் இல்லை. தாய்ப்பலகைப் பக்கத்து 24 முனைகளின் (இணைப்பிக்குள் இருக்கும் உலோகத் தொடுகைகளின்) ஒழுங்கு, கணினி வலு வழங்கிகளுக்கான பொது நியமமான ஏடிஎக்ஸில் (ATX) வரையறுக்கப்பட்டிருக்கிறது. கழற்றிப் பூட்டும் வடங்கள் கொண்ட வலு வழங்கியில், வழங்கியின் பக்கத்து ஒழுங்குக்கு அப்படி ஒரு நியமம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளில்கூட அது வேறுபடலாம். இணைப்பி பார்வைக்கு ஒன்றாக இருக்கும், இதமாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். 5 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் 12 வோல்ற்று வந்தால் வன்தட்டு எரிந்துவிடும்.

பின்னலுறை இந்த ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. வழமையான வயர்களில் மஞ்சள் 12, சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3 வோல்ற்று, கறுப்பு புவி என்று நிறமே வழிகாட்டும். எல்லாவற்றையும் வெள்ளைப் பின்னலால் மூடிய பின்பு அந்த வழிகாட்டி போய்விடுகிறது. மல்டிமீற்றரால் ஒவ்வொரு முனையையும் சோதித்து எழுதிவைத்த அட்டவணைதான் மிச்சம். அந்த அட்டவணைக்கு "முனை ஒழுங்கு" என்று பெயரிடலாம். அதற்கு ஏற்பச் செய்த வடத்தை "ஒழுங்கறிந்து செய்த" என்று நீட்டாமல் "பொருத்துவடம்" எனலாம். ஆக, பின்னலுறைப் பொருத்துவடம். நீளம் என்றால் நீளம்தான், ஆனால் பிரித்தால் இரண்டு துண்டும் தனித்தனியே பொருள் தருகின்றன.

அக்கரைப்பற்று நண்பர் வயரின் பருமன் பற்றிக் கேட்டிருந்தார். பழைய 8 முனை வரைகலை வடம் 150 வாற்றுக்கு, அதாவது 12 வோல்ற்றில் 12.5 அம்பியர், 12 வோல்ற்றைக் கொண்டுபோகும் மூன்று வயரில் பகிரப்பட்டு வயருக்கு 4 அம்பியர் சொச்சம். 18ஆம் இலக்க வயர் போதும் (இலக்கம் குறையக் குறைய வயர் பருமனாகும்). புதிய 16 முனை வடம் 600 வாற்று வரை சுமக்கும். 12 வோல்ற்றைக் கொண்டுபோகும் ஆறு வயரில் தலைக்கு 8 அம்பியரைத் தாண்டுகிறது. 16ஆம் இலக்க வயரும், குறையற்ற கவ்வலும் வேண்டும். கைபழகாதவர்கள் அதைத் தொடவேண்டாம் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

கவ்வல் என்று எழுதிவிட்டேன், அதையும் விளக்கிவிடுகிறேன். வயரின் நுனியில் அழுத்திப் பொருத்தி இணைப்பிக்குள் செருகும் உலோக முனைக்கு இரண்டு சோடிச் செட்டைகள் உண்டு. முன்சோடி செம்பைக் கவ்வுகிறது, பின்சோடி காவலியைக் கவ்வுகிறது. ஆகவே கவ்வுமுனை, அதை அழுத்தும் கருவி கவ்வுகுறடு. நெரித்தல் என்றால் நசுக்குவதுபோல் இருக்கிறது. செம்பிழைகள் நசுங்கி அறுந்தால் அது பிழையான வேலை.

தமிழ்நாட்டுக் குழுமங்களில் இச்சொற்கள் செல்லுமா என்ற கவலை சிலருக்கு உண்டு. நம் வலு அவர்களுக்குத் திறன். வலு வழங்கி அங்கே நிற்பது கடினம். பின்னலுக்கும் உறைக்கும் அந்தத் தடை இல்லை, இரு கரையிலும் வீட்டுச் சொற்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தார். இரு கரைக்கும் ஒரு சொல் என்பது நம் பகுதிக்குப் புதிய ஆசை இல்லை.

வயர்களை வரிசையாக நிறுத்தும் சிறு துண்டுக்கு வயர்ச்சீப்பு என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். முனை ஒழுங்கு, முனை வரிசை இரண்டில் எது வகுப்பறையில் தெளிவாக இருக்கும் என்பதை ரீச்சர் சொல்லட்டும். பின்னலுறை பற்றிக் காக்காவின் மறுமொழி வந்ததும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.