யூஸ்ஸ்டேட்டில் வைத்த சர்வர் டேட்டா அடுத்த ஆளுக்கு மாறவில்லை

கேள்வி:
ரியாக்டில் (வலைப்பக்கம் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வாடிக்கையாளர் விவரங்களைத் திருத்தும் பக்கம் ஒன்று செய்கிறேன். இடப்பக்கம் பெயர்ப் பட்டியல், வலப்பக்கம் ஃபார்ம். முதல் ஆளின் விவரம் எச்டிஎம்எல்லோடு சேர்ந்து, ஒரு ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசானாக (டேட்டாவை எழுத்தாக எழுதும் வடிவம்) வந்துவிடும். மற்றவர்களுடையது க்ளிக் செய்ததும் ஏபிஐ (சர்வரிடம் டேட்டா கேட்டுப் பெறும் வழி) வழியாக வரும். வந்ததை ப்ராப்பாக (வெளியிலிருந்து தரும் மதிப்பு) ஃபார்முக்குக் கொடுத்து, அங்கே யூஸ்ஸ்டேட்டின் (ஃபார்ம் தனக்குள் நினைவில் வைக்கும் மதிப்பு, அதாவது ஸ்டேட்) தொடக்க மதிப்பாக வைத்திருக்கிறேன்.

அடுத்தவரை க்ளிக் செய்தால் மேலே பெயர் மாறுகிறது, கட்டங்களில் பழைய ஆளின் முகவரியே நிற்கிறது. நேற்று கவனிக்காமல் சேவ் செய்துவிட்டேன். ஒருவர் முகவரி இன்னொருவர் பதிவில் ஏறிவிட்டது. பதறிப்போய், ப்ராப் மாறும்போதெல்லாம் ஸ்டேட்டில் எழுதும்படி ஒரு யூஸ்எஃபெக்ட் (மதிப்பு மாறினால் ஓடும் கோட்) போட்டேன். இப்போது 30 நொடிக்கு ஒருமுறை டேட்டா புதுப்பிக்கப்படும்போது பாதி டைப் செய்தது அழிந்துபோகிறது. சர்வரில் ஒரு எழுத்துகூட மாறாதபோதும் இப்படித்தான்.

பதில் 1:
அந்த எஃபெக்ட்டை முதலில் எடுத்துவிடுங்கள். ஏபிஐ ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட் தருகிறது. உள்ளே இருப்பது அதேதான் என்றாலும் ரியாக்டுக்கு அது வேறு ஆப்ஜெக்ட், அதனால் எஃபெக்ட் மறுபடி ஓடுகிறது.

தொடக்க மதிப்பை யூஸ்ஸ்டேட் ஒரே ஒரு தடவைதான் பார்க்கும், காம்பொனென்ட் (பக்கத்தின் ஒரு பகுதி, இங்கே ஃபார்ம்) முதலில் ரெண்டர் ஆகும்போது, அதாவது திரைக்குத் தயாராகும்போது. உங்கள் ஃபார்ம் ஆள் மாறினாலும் அதே இடத்தில் அப்படியே இருப்பதால் பழைய ஸ்டேட்டும் கூடவே இருக்கிறது. ஃபார்முக்கு வாடிக்கையாளர் ஐடியை கீயாக (ரியாக்ட் ஒரு காம்பொனென்ட்டை அடையாளம் காணும் குறி) கொடுங்கள். ஐடி மாறினால் ரியாக்ட் பழைய ஃபார்மைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கும், ஸ்டேட்டும் புதிதாகத் தொடங்கும். ஐடி மாறாமல் டேட்டா மட்டும் புதுப்பிக்கப்பட்டால், டைப் செய்தது அப்படியே இருக்கும். இன்னொன்று, டேட்டா வந்த பிறகுதான் ஃபார்மைக் காட்ட வேண்டும். காலியாக இருக்கும்போதே காட்டினால் அந்தக் காலியே தொடக்க மதிப்பாகிவிடும்.

எனக்கும் இதே மாதிரி தப்பான பதிவு சேவ் ஆகியிருக்கிறது. அதிலிருந்து, சர்வர் தந்ததை நகலெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ‘இது யாருடைய நகல், எப்போது செல்லாமல் போகும்?’ என்று கேட்டுக்கொள்கிறேன். வெறுமனே காட்டுவதற்கு என்றால் நகலே வேண்டாம், ப்ராப்பை நேராகக் காட்டுங்கள்.

கேட்டவர்:
கீ கொடுத்ததும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி! ஆனால் நான் திருத்திக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் அதே பதிவை மாற்றிவிட்டால்?

பதில் 1:
அதை ஃபார்மில் தீர்க்க முடியாது. பதிவோடு ஒரு வெர்ஷன் எண் அனுப்புங்கள். சேவ் செய்யும்போது அந்த எண் பழையதாக இருந்தால் சர்வர் 409 (மோதல் என்பதற்கான பிழை எண்) என்று மறுக்கட்டும். அப்புறம் இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று பயனரிடம் கேளுங்கள்.

பதில் 2:
ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசான் வருகிறது என்றீர்களே, அதையும் இன்றே பாருங்கள். முகவரிக் கட்டத்தில் யாராவது ஸ்கிரிப்ட்டை மூடும் டேகை எழுதிவைத்தால், பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்ட் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் அவர் எழுதியது உங்கள் பக்கத்தில் ஓடும். ஜேசான்.ஸ்ட்ரிங்கிஃபை (டேட்டாவை ஜேசானாக மாற்றும் ஃபங்க்ஷன்) இதைத் தடுக்காது. சர்வரிலேயே ஒவ்வொரு ‘<’ குறியையும் யூனிகோட் எஸ்கேப்பாக (எழுத்துக்குப் பதில் அதன் எண்ணை எழுதுவது, \u003c) மாற்றிவிட்டு அனுப்புங்கள். படிக்கும்போது தானாகவே பழையபடி ஆகிவிடும்.