பேட்டரி ஃபுல்லா இருக்கு, ஆனா ட்ரில் பாதி ஓட்டையில நின்னுடுது, என்ன பண்ண?

அரைகுறை: வணக்கம் மக்களே. 18 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில், வாங்கி ரெண்டு வருஷம் இருக்கும், அடிக்கடி எடுக்கறதில்ல. நேத்து கர்ட்டன் ராடு மாட்டலாம்னு ஜன்னலுக்கு மேல 8 எம்எம் பிட்டு போட்டு துளைச்சேன், அரை இன்ச்கூட போகல அதுக்குள்ள அப்படியே நின்னுடுது, ட்ரிக்கர விட்டு திரும்ப அமுக்குனா ஓடுது, சுவத்துல வச்சு அழுத்துனா மறுபடி நிக்குது. பேட்டரில மூணு லைட்டும் எரியுது. லேசா கருகல் வாடை வேற. புது பேட்டரி வாங்கணுமா இல்ல மோட்டாரே போச்சா?

மரத்தூள்: மோட்டார் போயிருந்தா இப்படி விட்டு விட்டு நல்லா ஓடாது ப்ரோ. முதல்ல ஒரு மரக்கட்டைல துளைச்சுப் பாருங்க. அந்த லைட்ட மட்டும் நம்பாதீங்க, சும்மா இருக்கும்போது ஃபுல்லுனு காட்டும், லோடு ஏறுனதும் வீக்கான பேட்டரி பொசுக்குனு இறங்கிடும். மல்டிமீட்டர் இருந்தா ஃபுல் சார்ஜ் போட்டு வச்சுப் பாருங்க. உள்ள 5 செல் வரிசை, ஒவ்வொண்ணும் 4.2 வோல்ட், அப்ப 21 கிட்ட வரணும்.

அரைகுறை: மரத்துல ஜம்முனு போகுது. மீட்டர்ல 20.6.

போல்ட்நட்டு: அப்ப பேட்டரி மேல பழி போடாதீங்க. லோடு ஓவரானா அதுவே கட் ஆகிக்கும், ட்ரிக்கர விட்டா திரும்ப வரும், நீங்க சொல்றது அதுதான். ட்ரில் முன்பக்கம் மோடு மாத்தற ரிங் இருக்கே, அத எதுல வச்சீங்க? நம்பரா, ட்ரில் படமா, சுத்தியல் படமா?

அரைகுறை: ட்ரில் படம். ஓட்டைதானே போடறோம்னு 😐

போல்ட்நட்டு: 😂 அது மரம், இரும்புக்கு. சுவத்துக்கு சுத்தியல் படம். குத்திக் குத்திப் பொடியாக்குனாதான் பிட்டு உள்ள போகும், சும்மா சுத்துனா தேயும், அவ்ளோதான். உடம்பு வெயிட்ட எல்லாம் போட்டு அழுத்தாதீங்க, நடுநடுவுல பிட்ட வெளிய இழுத்து தூசிய எடுங்க. ரிவர்ஸ் பட்டனையும் ஒருவாட்டி பாத்துடுங்க, நான் ஒருநாள் ரிவர்ஸ்லயே கால் மணி நேரம் சுவரோட சண்டை போட்டவன்.

சித்தாள்: இருங்க இருங்க, ஜன்னலுக்கு மேலயா? அது லிண்டல் தம்பி. செங்கல் இல்ல, கான்கிரீட், உள்ள கம்பி ஓடும். சுவத்துக்குப் போடற பிட்டு கம்பில பட்டா அவ்ளோதான், நுனி போயிடும். பிட்ட கழட்டி நுனில ஒட்டுனாப்ல இருக்கற அந்த சின்னத் தகட்டப் பாருங்க.

அரைகுறை: பாத்தேன். நுனி நீலமா இருக்கு, தகட்டோட ஒரு மூலை மழுங்கி உருண்டையாயிடுச்சு. அதான் வாடையா?

சித்தாள்: அதேதான். அத தூக்கிப் போடுங்க. அந்த ஓட்டையோட மல்லுக்கட்டாம ரெண்டு இன்ச் மேல தள்ளிப் போடுங்க, மெயின் கம்பி பெரும்பாலும் அடிப்பக்கமா இருக்கும். அங்கயும் கணகணன்னு சத்தம் மாறி நின்னா கம்பிதான், உடனே நிறுத்திட்டு இடத்த மாத்துங்க. நிறைய ஓட்டை போடணும்னா ரோட்டரி ஹேமர் (கான்கிரீட்ட பலமா குத்தித் துளைக்கற மெஷின்) ஒண்ணு வாடகைக்கு எடுங்க, கான்கிரீட்டுக்கு இந்த சின்ன ட்ரில் ரொம்ப முக்கும்.

அரைகுறை: புது பிட்டு, சுத்தியல் படம், ரெண்டு இன்ச் மேல. 6 எம்எம்ல ஒண்ணு போட்டு அப்புறம் 8. நாலு ஓட்டையும் முடிஞ்சது, ஒருதடவகூட நிக்கல. பேட்டரி மட்டும் நல்லா சூடாயிருக்கு, இப்பவே சார்ஜ் போடலாமா?

மரத்தூள்: ஆறட்டும், அப்புறம் போடுங்க. இனி பல மாசம் எடுக்க மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல நிறுத்தி, ட்ரில்லுல இருந்து கழட்டி, வெயில் படாத இடத்துல வைங்க.

அரைகுறை: நன்றி மக்களே. பழைய ஓட்டைய பட்டி வச்சு அடைக்கப் போறேன், வீட்ல கேட்டா அது முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லிக்கறேன்.