'ஐ டோன்ட் நோ' என்பதற்கு வேறு வழி?

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் ஏதாவது கேட்டால் சட்டென்று 'ஐ டோன்ட் நோ' என்றுதான் வாயில் வருகிறது. அக்கறையே இல்லாத மாதிரி தெரிகிறது. வேறு எப்படிச் சொல்லலாம்?

பதில் 1: 'லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ' என்று சொல்லுங்கள், ஆனால் சொன்னபடி விசாரித்துப் பதில் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தெரியாது என்று நேராகச் சொல்வதே மேல். அரைகுறையாகத் தெரியுமா? 'ஐ'ம் நாட் ஷ்யூர், பட் ஐ திங்க்...' என்று ஆரம்பிக்கலாம்.

பதில் 2: நண்பர்களிடம் 'நோ ஐடியா' போதும். 'பீட்ஸ் மீ' என்றும் சொல்வார்கள், அதை மட்டும் மேலதிகாரியிடம் வேண்டாம். அப்புறம் 'ஹவ் ஷுட் ஐ நோ?' பக்கமே போகாதீர்கள், அது சண்டைக்கு இழுக்கிற தொனி.

கேள்வி கேட்டவர்: நன்றி. முதலில் சொன்னதைப் பழகிக்கொள்கிறேன்.