ஒன்பதாம் வகுப்பில் கணிதப் பாடவேளை மௌனமாகிவிட்டது: ஆலோசனை தேவை

நாற்பது மாணவர்கள் கொண்ட ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். காரணிப்படுத்தலைத் தொடங்கியதிலிருந்து, அதுவரை தயக்கமின்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. கரும்பலகைக்கு அழைத்தால், நடு உறுப்பைப் பிரிக்கும் படி வரை சரியாக எழுதிவிட்டு, என் முகத்தை ஒருமுறை பார்த்ததும் எழுதியதை உள்ளங்கையால் அழித்துவிடுகிறார்கள். அதே கணக்கை நோட்டில் தனியாகச் சரியாகவே முடிக்கிறார்கள் என்பதால், பாடம் புரியாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்விக்குப் பின் குறைந்தது 3 விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் வலியுறுத்தியதைக் கடைப்பிடித்தேன். மௌனம் நீண்டதுதான் மிச்சம். இருவர் இருவராகப் பேசவிட்டபோது வகுப்பு கலகலத்தாலும், பொதுவில் சொல்லும் நேரம் வந்ததும் பழைய நிலைதான். தவறான விடையொன்றைப் பெயர் குறிப்பிடாமல் பலகையில் எழுதி, அதிலுள்ள சரியான படியைப் பாராட்டினேன். அது யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே (எதிர்பார்க்கக்கூடியதுதான்) எல்லோருடைய கவனமும் சென்றது. நான் சொல்லும் "பரவாயில்லை" என்பதையே சிலர் இரக்கமாக எடுத்துக்கொள்கிறார்களோ என்றும் ஐயுறுகிறேன்.

தனியாகச் சரியாகச் செய்யும் மாணவர், சக மாணவர்கள் முன்னிலையிலும் தம் படிகளை அழிக்காமல் விளக்க முன்வருவதற்கு, ஆசிரியர் தம் நடத்தையில் முதலில் எதை மாற்ற வேண்டும்?